அடுத்த வசனம்

தேரிக்காட்டுச் செம்மணலுக்கு நடுவே ஏலீம்விளை என்று ஓர் ஊர். எந்தக் காலத்திலோ வந்துபோன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வைத்த பேர் அது. வேதத்தில் ஏலீம் என்ற இடத்தில் பன்னிரண்டு நீரூற்றும் எழுபது பேரீச்ச மரமும் இருந்ததாக எழுதியிருக்கிறது. இங்கே பேரீச்சைக்குப் பதில் பனை நின்றது, எழுபது என்ன, எழுநூறு நின்றது, ஆனால் கிணறு பதினொன்றுதான், பதினொன்றிலும் வாயில் வைக்க முடியாத உப்பு. ஆகவே அந்த ஊர்ச் சனம் தண்ணீர்க் கஷ்டத்தைத் தண்ணீர்க் கஷ்டமாக நினைத்ததே இல்லை, எழுதியதில் ஒன்று குறைகிறது என்றுதான் நினைத்தது. பன்னிரண்டாவதை வெட்டிவிட்டால் எழுதியபடி ஆகிவிடும், ஆனதும் மற்ற பதினொன்றும் தானாக இனித்துவிடும் என்று கோயிலில் வேதம் வாசிக்கிற மாசிலாமணி உபதேசியார் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரு பங்குனி மாதம் வேதக்கண்ணைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னார்கள்.

வேதக்கண் கிணறு வெட்டுகிறவன். அவன் பெண்டாட்டி அன்னப்பழம் மேலே நின்று கயிறு பிடிக்கிறவள். கல்யாணம் ஆன மறு வாரம் தொடங்கி இருபத்திரண்டு வருஷமாக அவன் இறங்குவான், அவள் பிடிப்பாள், பிள்ளை குட்டி இல்லை, அந்தக் கயிறுதான் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. கீழே மூச்சுக் குறைவு, அதனால் வெட்டுகிறவன் வீண்பேச்சுப் பேசமாட்டான். காலையில் ஒருதரம் இரண்டே எண் சொல்லுவான். முதல் எண், எத்தனை அடி இறங்கியிருக்கிறது. இரண்டாவது எண், எத்தனை கூடை மண் நிரம்பிக் கிடக்கிறது. அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அவன் 'பதினாலு' என்று சொல்லுகிற சத்தத்திலேயே கீழே பாறையா ஈரமா என்று கண்டுபிடித்துவிடுகிற காது.

முப்பத்தேழாவது அடியில் கிணற்றின் அடி கழன்றது. கரை சரியவில்லை, வாய் மூடவில்லை, அடி மட்டும் பொத்துக்கொண்டு மணலோடு மணலாக அவன் உள்ளே போய்விட்டான். கயிறு அவள் கையில் வெறுமனே மேலே வந்தது. மூன்று நாள் ஆட்கள் இறங்கிப் பார்த்தார்கள், கால் வைத்தால் பக்கம் உதிர்ந்தது, டார்ச்சு அடித்தால் வெளிச்சம் எங்கேயும் போய்த் தட்டவில்லை, கயிறு விட்டால் ஒருவரும் பிடிக்கவில்லை. சரி, அடக்க ஆராதனை வைத்துவிடுவோம் என்று வெறும் பெட்டி ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு எல்லாரும் கிணற்றைச் சுற்றி நின்ற நாலாம் நாள் காலையில், கஞ்சி நேரத்துக்கு, கீழேயிருந்து சத்தம் வந்தது. இரைப்பு இல்லை, அழுகை இல்லை, வேலை நேரத்துச் சத்தம்.

"முப்பத்தேழு, இருபத்துநாலு."

"உயிரோட இருக்காவ!" என்று அன்னப்பழம் மணலில் விழுந்து கிணற்றுக்குள் தலையை விட்டாள். "அது அடிக்கணக்கும் கூடைக்கணக்கும்யா, எப்பவும் சொல்லுறதுதான்!"

உபதேசியாரின் விரல் அதற்குள் வேதப்புத்தகத்தைப் புரட்டிவிட்டது. அந்த ஊரில் இரண்டு எண் சேர்ந்து காதில் விழுந்தால் எவருக்கும் கை அப்படித்தான் போகும். பஸ் நம்பரைக்கூட அதிகாரம் வசனம் என்று பிரித்துப் பார்க்கிற சனம். ஆதியாகமம் முப்பத்தேழாம் அதிகாரம், இருபத்துநாலாம் வசனம். அண்ணன்மார் யோசேப்பைப் பிடித்துக் குழியில் போட்டார்கள், அந்தக் குழியில் தண்ணீர் இல்லை.



"நீ சொல்லுறதும் சரிதான் அன்னப்பழம்," என்றார் உபதேசியார், சத்தமே வராமல். "அடியும் கூடையுந்தான். ஆனா சரியா முப்பத்தேழாவது அடியில அவனை விழவச்சது யாரு? சரியா இருபத்துநாலு கூடை நிரப்பவச்சது யாரு? அந்த யோசேப்பு குழியிலேயே கெடந்தானா? ராஜாவுக்கு அடுத்த நாற்காலியில போயி உக்காரலையா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல? புருசன் செத்துவிட்டான் என்று மூன்று நாளாக அழுதவளுக்கு, அவன் சாகவில்லை, அதுமட்டும் இல்லை, யோசேப்பு மாதிரி ஆகப்போகிறான் என்று ஒருவர் சொன்னால், இல்லை அய்யா அது வெறும் கூடைதான் என்று சாதிக்க எவளுக்கு மனசு வரும்? அவள் சும்மா இருந்தாள். அன்றைக்குச் சும்மா இருந்ததுதான் அவள் செய்த முதல் தப்பு.

மறுநாள், "முப்பத்தெட்டு, ஆறு." தீர்க்கதரிசி எரேமியாவின் புத்தகத்தில் அந்த வசனம்: அவனைப் பிடித்துத் துரவுக் கிணற்றில் இறக்கினார்கள், அவன் உளைச் சேற்றில் அமிழ்ந்தான். அதற்கும் இரண்டு நாள் கழித்து, "நாப்பது, ரெண்டு." அங்கேதான் சண்டை வந்தது. புத்தகத்தின் பேரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் எதில் பார்ப்பது? சங்கீதத்தில் பார்த்தால் உளையான சேற்றிலிருந்து தூக்கியெடுத்தார் என்று வருகிறது. ஏசாயாவில் பார்த்தால் சனத்தோடு ஆறுதலாகப் பேசு என்று வருகிறது. யாத்திராகமத்தில் பார்த்தால் கூடாரம் போடு என்று வருகிறது. மேலத்தெருவில் ஏசாயா கட்சி, கீழத்தெருவில் யாத்திராகமக் கட்சி, இரண்டும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்காராது. ஏசாயாக்காரர்கள் ஆறுதல் பேசிக்கொண்டிருந்தபோது யாத்திராகமக்காரர்கள் கிணற்றுக்குமேல் தகரக் கூடாரமே போட்டுவிட்டார்கள்.

நாளொன்றுக்கு ஓர் அடி இறங்கியது. காலையில் எண் வந்ததும் சாக்கட்டியால் பலகையில் எழுதுவார்கள், சைக்கிள் மணி அடித்துக்கொண்டு ஓர் ஆள் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவான். வழியில் கண்டவர்கள் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னைக்கு என்னவே?" என்று கேட்டார்கள். வீட்டுக்குத் தாவாரம் இறக்கலாமா, பிள்ளைக்குக் காது குத்தலாமா, மாட்டை விற்கலாமா எல்லாவற்றுக்கும் கிணற்றில் பதில் இருந்தது. "நாப்பத்தஞ்சு, பத்து" வந்த நாளில், புருசனிடம் அடிபட்டுத் தாய் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண்ணை, தகப்பன் வீட்டை மறந்துவிடு என்று வந்திருக்கிறதே என்று சொல்லி மத்தியான பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளுக்கு என்னைத் தெரியாதே, அவரு எதுக்கு என்னப் பத்திச் சொல்லுதாரு?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

அறுபத்தாறாம் அடி தாண்டியதும் கட்சிச் சண்டை ஓய்ந்தது. அதற்குமேல் அதிகாரம் உள்ள புத்தகம் சங்கீதம் ஒன்றுதான். ஊர் ஒன்றாகிவிட்டது என்று கட்டிப்பிடித்து அழுதார்கள். அக்கம்பக்கத்து ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். அன்னப்பழத்துக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள், வெள்ளைச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள், நேற்றுவரை 'ஏ கெணத்துக்காரி' என்றவர்கள் 'அம்மா' என்று அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சொல்ல வெட்கம்தான், ஆனால் அந்தக் கைகளின் சூடு அவளுக்குப் பிடித்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கயிறு உரசின கை.

அறுபத்தொன்பதாம் அடி வந்த நாள். "அறுபத்தொம்பது, பதினஞ்சு." உபதேசியார் கூடாரத்துக்குள் மைக்கில் வாசிக்க, வெளியே பனையில் கட்டின குழாய் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு ஐந்நூறு பேர் நின்றார்கள். ஆழம் என்னை விழுங்க, குழி என்மேல் தன் வாயை அடைத்துக்கொள்ள, என்று வந்தபோது கரண்டு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. வெளியே நின்றவர்கள் ஒரு கணம் பொறுத்தார்கள், அப்புறம் "ஆமென்!" என்று போட்ட சத்தத்தில் பனையிலிருந்த கிளியெல்லாம் பறந்தது. குழி தன் வாயை அடைத்துக்கொள்ள வேண்டும், வேறென்ன? போன வாரம்தான் ஓர் ஆட்டுக்குட்டி உள்ளே விழுந்திருந்தது, அதுவும் பொருந்திவந்தது. அன்று சாயங்காலத்துக்குள் கருங்கல் பலகை நாலைச் சேர்த்துக் கிணற்று வாயை மூடி, மேலே காரை போட்டு, சத்தம் வர நடுவில் ஒரு கை நுழைகிற அளவு துவாரம் விட்டு, அதில் மைக்கை இறக்கினார்கள். முதல் சட்டிக் காரையை அன்னப்பழம்தான் போடவேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். போட்டாள். கைதட்டினார்கள்.

முதல் எண் வந்து ஓர் ஐம்பது நாள் ஓடியிருந்தபோது, "எண்பத்தெட்டு, ஆறு" வந்தது. பாதாளக் குழியில், இருளில், ஆழத்தில் என்னை வைத்தீர். அதைக் கேட்டுச் சனம் ஆனந்தமாகப் பாடியது. அன்னப்பழத்துக்கு மட்டும் வாய் வரவில்லை. 'எண்பத்தெட்டு' என்ற சத்தத்தில் ஈரம் இல்லை, பாறை இல்லை, ஒன்றுமே இல்லை. மத்தியானம் வேதக்கண்ணின் அக்கா சலோமியைத் தேடிப்போனாள். சலோமி பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிறவள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள்.

"மதினி, அந்த எரேமியாவை ஒருக்க வாசியுங்க. சேத்துல அமுங்குனாருல்லா, அதை. ஒம்ம தம்பிக்கு ரெண்டாவதா வந்த வசனம்."

சலோமி அரிசிக் கையைத் துடைத்துக்கொண்டு விரலை வைத்து வாசித்தாள். அமிழ்ந்தினான் என்பதோடு ஆறாம் வசனம் முடிந்தது. சலோமிக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது, பாவம், எழுத்து இருக்கிறவரைக்கும் விரல் போய்க்கொண்டே இருந்தது. ராஜா அரமனையில் வேலைபார்த்த ஒரு கறுத்த மனுசன், அந்நிய தேசத்தான், இதைக் கேள்விப்பட்டானாம். நேரே ராஜாவிடம் போய், துரவுக்குள் கிடக்கிறவன் பட்டினியால் செத்துப்போவான் என்றானாம். ராஜா முப்பது ஆள் கொடுத்தாராம். அவன் பழைய கந்தல் துணியை எடுத்துக்கொண்டு வந்து, அக்குளில் கயிறு உரசாமல் இதை வைத்துக்கொள் என்று கீழே இறக்கி, அப்புறம் எல்லாரும் சேர்ந்து தூக்கினார்களாம்.

"நிறுத்துங்க மதினி." அன்னப்பழம் அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். "இது யாருமே வாசிக்கலியே."

"நம்பர்ல வரலியே," என்றாள் சலோமி.

"அடுத்த வரிதான?"

"அடுத்த வரிதான். இந்தா, ஒட்டுனாப்புல இருக்கு."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அன்னப்பழம் நாற்காலியை விட்டு எழுந்தாள். "அய்யா, எனக்கு முப்பது ஆளு வேணும். கல்லத் தூக்கணும்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அவள் ஏழாம் வசனத்திலிருந்து பதின்மூன்றுவரை, கேட்டது கேட்டபடி, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள். உபதேசியார் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதெல்லாம் எழுதியிருக்குதான் அம்மா. ஆனா நமக்குக் குடுத்தது ஆறு. ஏழாவது நமக்குக் குடுக்கப்படலை."

"கீழ கெடக்கது எம்மாப்பிள்ளைய்யா."

"அம்மா, இப்பத் தூக்கிட்டா நாளைக்கு எண்ணுக்கு எங்க போக?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். அவள் மகனுக்குக் காய்ச்சல், மூன்று நாளாகக் கிணற்று எண்ணைப் பார்த்துத்தான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். "எம்புள்ள தேறட்டும், அப்புறம் தூக்கு." அப்படியே ஒவ்வொருவருக்கும் ஒரு காரியம் பாக்கி இருந்தது. பலகை வைத்த இடத்தில் ராப்பகலாக இரண்டு பேரைக் காவல் போட்டார்கள். அன்னப்பழம் கூப்பிட்டது எதுவும் கீழே போகவில்லை. மேலே ஓயாத பாட்டு, துவாரத்திலோ மைக், அது ஏற்றிக்கொண்டு வருமே தவிர இறக்கிக்கொண்டு போகாது.

நூறு தாண்டியது. நூற்று முப்பது தாண்டியது. "நூத்தம்பது, ஆறு" வந்த அன்று ஊரில் அடுப்பு எரியவில்லை, எல்லாரும் தெருவில். சங்கீதத்தின் கடைசி வசனம், சுவாசமுள்ள எல்லாம் துதிக்கட்டும். அதுவும் ஆறாம் வசனம், அதற்குமேல் ஓர் எழுத்து இல்லை. முடிந்தது, நாளைக்கு வேதக்கண் மகிமையோடு எழும்பிவிடுவான் என்று மாலை கட்டி வைத்தார்கள். பெட்டி செய்தவனே மாலையும் கட்டினான்.

மறுநாள் காலை, கஞ்சி நேரத்துக்கு:

"நூத்தம்பத்தொண்ணு, நாலு."

உபதேசியார் பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பக்கம் நீதிமொழிகள் ஒன்றாம் அதிகாரம். திரும்பப் புரட்டினார். ஒட்டியிருக்கிறதோ என்று எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தார். நூற்றைம்பத்தொன்று என்று ஓர் அதிகாரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரித்தான், சிரித்துவிட்டு அவனே பயந்தான். "அப்ப இத்தன நாளும்?" என்று ஒரு கிழவர் கேட்டார்.  மணலைத் தட்டிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையை அடக்கம் பண்ணி அன்றைக்குப் பதினோராம் நாள். அந்தத் தாய் போகும்போது துவாரத்தைப் பார்த்துத் துப்பினாள். நூற்றைம்பத்திரண்டைக் கேட்க ஏழுபேர் வந்தார்கள், நூற்றைம்பத்துமூன்றுக்கு ஒருவரும் வரவில்லை. காவலும் போயிற்று, மைக்கையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். முன்பு அது புனிதம் என்று தொடக்கூடாது, இப்போது அது வெட்கம் என்று தொடக்கூடாது.

அன்னப்பழமும் சலோமியும் பதினொரு உப்புக் கிணற்றிலும் சும்மா தொங்கின கயிறுகளை அவிழ்த்து வந்து, வேதக்கண் இறங்கின பழைய கயிற்றோடு முடிச்சுப் போட்டார்கள். நுனியில் அன்னப்பழம் தன் வெள்ளைச் சேலையைக் கிழித்துக் கந்தலாகச் சுற்றினாள், அக்குள் உரசாமல் இருக்க. கூடாரத்து இரும்பில் உருளையைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாசிலாமணி உபதேசியார் வந்தார். வெறுங்கை. புத்தகம் இல்லாமல் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"விடாதேயும்," என்றார்.

"என்னய்யா?"

"கரண்டு போச்சே அன்னைக்கி, அந்தக் கடைசி வார்த்தை. குழி என்மேல் தன் வாயை அடைத்துக்கொள்ள விடாதேயும். நான் முழுசாத்தான் வாசிச்சேன். உங்களுக்குக் கேக்கலை. அதுக்குள்ள ஆமென் சொல்லிட்டிய."

அன்னப்பழத்துக்குக் கை நின்றுவிட்டது. தமிழில் வேண்டாம் என்கிற சொல் கடைசியில்தானே வருகிறது, அதுவரைக்கும் வேண்டும் மாதிரியேதானே கேட்கிறது.

"அப்புறமாச் சொல்லியிருக்கலாமேய்யா."

"ஐந்நூறு பேரு ஆமென் சொன்னப்புறம் எப்படி அன்னப்பழம் இல்லைன்னு சொல்ல?" என்று அவர் கயிற்றின் பின்பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓர் ஆள், ஓர் ஆள்தானே.

கயிறு துவாரத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. பத்தாவது முடிச்சும் போய், பதினொன்றாவதும் போய், பிடி மட்டும் மிச்சம். அவள் காரையில் வாயை வைத்தாள். நாலு மாதமாக மேலே நின்ற சனம் கீழே என்னென்னவோ சொல்லிப் பார்த்திருந்தது, பாட்டாகவும் ஜெபமாகவும். கிணறு வெட்டுகிறவன் காதில் ஏறுகிற வார்த்தை ஒன்றுதான், அது மேலே நிற்பவள் சொன்னால்தான் அவன் மண்வெட்டியைக் கீழே வைப்பான், சொல்லாதவரை இறங்கிக்கொண்டே இருப்பான். எத்தனையோ நூறு தடவை சொன்ன அந்த வார்த்தையை அவள் அந்த முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

"போதும். ஏறுங்க."

ஒன்றும் இல்லை. அப்புறம் கயிறு விறைத்தது.

மூன்று பேரும் இழுத்தார்கள். அவன் கனம் அவளுக்குத் தெரியும், ஒரு ராத்தல் கூடவில்லை, குறையவில்லை. முடிச்சு ஒவ்வொன்றாக உருளையில் தட்டி மேலே வந்தது. பதினோராவது முடிச்சு வந்ததும் கல்லுக்கு அடியில் எதுவோ இடித்தது. மூச்சுச் சத்தம் கேட்டது, கல்லை உள்ளங்கையால் தடவுகிற சத்தம் கேட்டது.

"ஏளா."

"இங்கதான் இருக்கேன்."

"மேல என்ன இது, கல்லா? கெணத்து வாயை யாரு மூடுனது?"

உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். ஊர் என்று அவள் சொல்லியிருக்கலாம், கரண்டு என்று சொல்லியிருக்கலாம்.

"நாந்தான்," என்றாள் அன்னப்பழம். "முதச் சட்டி நாந்தான் போட்டேன்."

 கயிறு லேசாக ஆடியது.

"சரி. கடப்பாரை போட்டுராத, ஒரு அடி விழுந்தா சுத்தி மண்ணு சரிஞ்சுரும். அலுங்காம நேரா மேல தூக்கணும். முப்பது ஆளாவது வேணும். எத்தன பேரு நிக்கிய?"

"மூணு பேரு."

"மூணா? நூறு இருநூறு பேரு பாடுன சத்தம் கேட்டுச்சே?"

"பாடுனாங்க."

அவன் கல்லை இன்னொருதரம் தடவினான். "அப்ப என்னை இறக்கு. தொங்கிக்கிட்டு நிக்க முடியாது. ஆளு சேந்ததும் சொல்லு."

அவள் இறக்கினாள். தூக்கினதைவிட அது கஷ்டமாக இருந்தது, கை வெந்தது, ஆனால் ஒரு முடிச்சுக்கூட நழுவவிடவில்லை. கயிறு தொய்ந்ததும் நுனியை இரும்பில் கட்டிவிட்டு, சலோமியைத் துவாரத்தண்டையில் உட்காரவைத்துவிட்டு, ஊரைப் பார்த்து நடந்தாள். உபதேசியார் பின்னாலேயே வந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். தெருவில் ஆள் இல்லை. முதல் வீட்டில் கதவு ஒருக்களித்துக் கிடந்தது, உள்ளே தட்டு வைத்தாயிற்று, குடும்பம் மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டு, தகப்பன் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தான்.

"ஆமென் சொல்லட்டும்," என்று உபதேசியார் அவள் கையைப் பிடித்தார்.

அவள் கையை உதறிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.